கால் பங்குக்காரரின் முழுக் கூரை

இங்கிலாந்தில் ஒரு வீட்டின் ஒரு பங்கை மட்டும் விலைக்கு வாங்கி, மீதிக்கு வாடகை கட்டும் பகுதி உரிமைத் திட்டம் பல பத்தாண்டுகளாக நடப்பில் இருக்கிறது. அதன் குத்தகைப் பத்திரத்தில் பலரும் வாசிக்காமல் தாண்டிப் போகும் பழுதுபார்ப்புப் பிரிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய பத்திரங்களின்படி, கால் பங்கு வாங்கியவரும் கூரை, லிஃப்ட், பொதுப் படிக்கட்டு ஆகியவற்றுக்காகத் தன் வீட்டின் மேல் விழும் பராமரிப்புக் கட்டணத்தை முழுதாகவே கட்ட வேண்டும். முக்கால் பங்கை வைத்திருக்கும் வீட்டுவசதிச் சங்கம் அதில் பங்கு தராது. விலை பங்குபோடப்பட்டது, பொறுப்பு பங்குபோடப்படவில்லை. இத்திட்டத்தின் மற்றக் குறைகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

வாதத்துக்கு முன் திட்டத்தின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். 3,00,000 பவுண்டு வீட்டில் கால் பங்கின் விலை 75,000 பவுண்டு. பத்து சதவீத முன்பணம் என்றால் 7,500 பவுண்டு கையில் இருந்தால் போதும். மீதி 2,25,000 பவுண்டுக்கு ஆண்டுக்கு 2.75 சதவீத வாடகை என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 516 பவுண்டு. தனியார் வாடகை வீட்டில் எந்த மாதம் காலி செய்யச் சொல்வார்களோ என்று இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய வரம் அல்ல. ஆனால் அந்த 516 அப்படியே நிற்பதில்லை, விலைவாசிக் குறியீட்டோடு ஆண்டுதோறும் ஏறும். 2022இல் குறியீடு 12 சதவீதத்தைத் தாண்டியபோது பல சங்கங்கள் தாமாக முன்வந்து உயர்வை 7 சதவீதத்தோடு நிறுத்தின. நல்ல மனம்தான். குடியிருப்பவரின் பாதுகாப்பு மற்றவர் மனத்தை நம்பி இருந்தது என்பதும் அதே நிகழ்ச்சியில் தெரிகிறது. மேலும் பங்கு வாங்கிப் படிப்படியாக முழு வீட்டையும் சொந்தமாக்கலாம் என்பார்கள். வீட்டின் மதிப்பு 4,00,000 ஆகிவிட்டால் அடுத்த கால் பங்குக்கு 1,00,000 பவுண்டு கேட்கும் ஏணி அது.

பங்குக்காரர் சட்டத்தின் கண்ணில் யாராக இருந்தார் என்பதற்கு 2007இல் பர்மிங்காமில் வந்த ஒரு தீர்ப்பைப் பார்க்க வேண்டும். ஒரு பெண் 29,500 பவுண்டு கொடுத்துப் பாதி வீட்டை 99 ஆண்டுக் குத்தகையில் வாங்கியிருந்தார். மீதிப் பாதிக்கான வாடகை பாக்கி விழுந்தது. சங்கம் வழக்குப் போட்டது. பாதி வாங்கியவர் என்ற நிலை அவரைக் காக்கவில்லை. அவர் வாடகைதாரரே, இரண்டு மாத பாக்கி இருந்தால் வெளியேற்றியே ஆக வேண்டும் என்ற விதி அவருக்கும் பொருந்தும் என்றது நீதிமன்றம். வீடு போனது. போட்ட பணத்தைத் திருப்பித் தரும் சட்டக் கடமை சங்கத்துக்கு இருக்கவில்லை. கூரைச் செலவு வரும்போது முழு உரிமையாளர், பாக்கி விழும்போது வெறும் வாடகைதாரர்: ஒரே மனிதருக்கு இரண்டு வேடம், இரண்டிலும் இழப்பு அவருக்கே. 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைகளை அந்த விதியிலிருந்து விலக்க 2025ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முழு வீட்டிலும் குடியிருப்பவர் முழுச் செலவையும் ஏற்பதுதானே முறை என்று கேட்கலாம். குழாய்க்கும் கதவுப் பூட்டுக்கும் அது சரி, புழங்குகிறவர் தேய்க்கிறார். கூரையும் அடித்தளமும் அப்படித் தேய்பவை அல்ல. அவற்றைச் சீர்செய்தால் வீட்டின் மதிப்பு காக்கப்படுகிறது. அந்த மதிப்பில் முக்கால் பங்கு சங்கத்துடையது. நாளை விலை ஏறினால் ஏற்றத்தில் முக்கால் பங்கைப் பெறுகிறவர், இன்றைய செலவில் ஏன் ஒதுங்க வேண்டும்? அப்படிப் பிரித்தால் கணக்கு சிக்கலாகும் என்ற மறுப்பும் உண்டு. லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த தீவிபத்துக்குப் பின் வந்த 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கணக்கைப் போட்டே காட்டிவிட்டது. பழைய தீப்பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய, லண்டனில் 15,000 பவுண்டு உச்சவரம்பு பொருந்தும் ஒரு வீட்டில், கால் பங்குக்காரரிடம் 3,750 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. 2021இல் வந்த புதிய பத்திர மாதிரியும் முதல் பத்தாண்டுகளுக்குச் சில பழுதுபார்ப்புச் செலவுகளைச் சங்கத்தின் மேல் வைத்தது. பிரிக்க முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட பிறகு, பதினோராம் ஆண்டில் சுமை முழுவதும் ஒருவர் மேல் திரும்புவதற்கு என்ன நியாயம்?

பங்குக்கு ஏற்ற பராமரிப்புச் செலவு என்பதைச் சட்டம் எல்லாப் பத்திரங்களுக்கும், பழையவற்றுக்கும் சேர்த்து, விதியாக்க வேண்டும். அதுவரை, லண்டனில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பங்கின் விலையைக் கேட்பதற்கு முன்பே கடந்த சில ஆண்டுகளின் பராமரிப்புக் கட்டணக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். பழுதுபார்ப்புப் பிரிவை வழக்கறிஞரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.