உள்ளங்கை வெளிச்சம்

அக்காவின் வீடு திருவான்மியூரில், மருந்தீஸ்வரர் கோயில் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மார்பகத்தில் இருந்த கட்டியை அறுவைக்கு முன்பே சுருக்கிவிட வேண்டும் என்று கீமோதெரபி தொடங்கியிருந்தார்கள். இரண்டாவது சுற்று முடிந்த பிறகு ஒரு மாலையில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எம்.ஆர்.ஐ. படங்கள் இருந்த பெரிய உறையை மேசைமேல் வைத்தாள்.

"அளவு மாறலையாம்டா. அப்படின்னா மருந்து வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்? நீ பிஸிக்ஸ் படிச்சவன், சொல்லு."

நான் படித்த இயற்பியல் அந்தக் கேள்வியைத் தாங்கக்கூடியதாக இல்லை. இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதையே நானும் திருப்பிச் சொன்னேன். அப்போது மின்சாரம் போயிற்று. பேத்தி டார்ச்சை எடுத்துவந்து, எல்லாக் குழந்தைகளையும் போல, உள்ளங்கையால் அதன் வாயை மூடினாள். கை சிவந்து ஒளிர்ந்தது. "பாட்டி, உள்ளே எலும்பு இருக்குன்னியே, காணோமே?" என்றாள்.

அக்காவின் கேள்விக்கான பாதி பதில் குழந்தையின் கேள்வியில் இருந்ததை வீடு திரும்பிய பிறகுதான் உணர்ந்தேன்.

ஒளி கைக்குள் நுழைகிறது, வெளியேயும் வருகிறது. ஆனால் நேராக வருவதில்லை. ஒவ்வொரு செல்லிலும் முட்டித் திசைமாறி, திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவனைப் போல எங்கோ நுழைந்து எங்கோ வெளிப்படுகிறது. எலும்பின் நிழல் அந்தச் சிதறலில் கரைந்துவிடுகிறது. எக்ஸ் கதிர் பெருமளவும் நேராகச் செல்வது. ஆகவே அதன் நிழல்களிலிருந்து உள்ளிருக்கும் உருவத்தைக் கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கை எளிமையாக்கிய முன்னோடிக் கட்டுரைகளுள் ஒன்றை 1971இல் எழுதியவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை வளர்த்தெடுத்தவர் ராமச்சந்திரன். அவரைப் புரதத்தோடு மட்டும் சேர்த்து நினைவுகூர்வது நம் வழக்கம். போகட்டும்.

சிதறும் ஒளியை ஏன் விடாமல் துரத்தினார்கள்? 1929இலேயே மாக்ஸ் கட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் இருட்டறையில் மார்பகத்துக்குப் பின்னால் விளக்கை வைத்துக் கட்டிகளைத் தேடியிருக்கிறார். தெளிவான உருவம் கிடைக்கவில்லை. ஆனால் ஒளிக்கு வேறொரு அறிவு உண்டு. அகச்சிவப்பை ஒட்டிய அலைநீளங்களில், ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரை, ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் அதை இழந்த ஹீமோகுளோபினும் வெவ்வேறு அளவில் ஒளியை விழுங்குகின்றன. சில அலைநீளங்களை மாற்றி மாற்றிச் செலுத்தினால், அந்தத் திசுவில் எவ்வளவு இரத்தம், அதில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று கணக்கிட முடியும். புற்றுக்கட்டி தனக்கென்று புதிய இரத்தக்குழாய்களை இழுத்துக்கொண்டு வளர்வது. ஆகவே அங்கே கணக்கு மாறுபடும்.

எம்.ஆர்.ஐ. இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் கருக்களை வலுவான காந்தப்புலத்தில் வைத்து, எல்லைகளை மில்லிமீட்டர் துல்லியத்தில் வரைகிறது. கட்டி எங்கே, எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியும். அதன் மூச்சைப் பற்றிச் சாதாரணப் படம் அதிகம் சொல்வதில்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துபார்த்த முக்கியமான ஆய்வு 2000இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது: நெட்ஸியாக்ரிஸ்டோஸ், யோத், ஷ்னால், பிரிட்டன் சான்ஸ். 2006இல் டார்ட்மத் குழுவினர் எம்.ஆர்.ஐ. வரைந்த எல்லைகளையே வழிகாட்டியாகக் கொண்டு ஒளிக் கணக்கைப் போட்டார்கள். கட்டுரையாளர்களில் சுபத்ரா ஸ்ரீனிவாசனும் ஒருவர். காந்தத்தின் அருகே இரும்பைக் கொண்டுபோக முடியாது என்பதால் லேசர்கள் வெளியறையில் இருக்கும்; நீண்ட ஒளியிழைகள் மட்டும் உள்ளே நீளும். வரைபடம் ஒருவரிடமிருந்து, வாக்குமூலம் இன்னொருவரிடமிருந்து.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. வரைபடத்தை எவ்வளவு நம்புவது? எல்லைக்குள் இருப்பதெல்லாம் ஒரே பொருள் என்று கணினிக்குக் கட்டளையிட்டால் விடை சுத்தமாக வரும். ஆனால் எம்.ஆர்.ஐ. ஒரு கட்டியைக் காணத் தவறியிருந்தால், ஒளி கண்டதும் சராசரிக்குள் அமிழ்ந்துபோகும். எல்லையை ஆணையாக விதிக்காமல், சாய்வாக மட்டும் சொல்லிவைக்கும் வழிகளும் வகுக்கப்பட்டன. அவ்வகையில் 2007இல் எழுதியவர் பணீந்திர யலவர்த்தி, பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானவர். முன்முடிவோடு கேட்பவனுக்குச் சாட்சி என்ன சொல்ல முடியும் என்ற பழைய சிக்கல்தான், சமன்பாடுகளின் உடையில்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கட்டியின் அளவு மெதுவாகத்தான் மாறும். உள்ளே இரத்தமும் ஆக்ஸிஜனும் அதற்கு வெகுமுன்பே மாறத் தொடங்கிவிடலாம். 2011இல் இர்வைன் ஆய்வாளர்கள், ராப்ளையர் முதலானோர், ஒளியை மட்டும் கொண்டு அளந்ததில், மருந்துக்கு இணங்கிய கட்டிகளில் முதல் நாளிலேயே ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் சட்டென்று கூடியது, இணங்காதவற்றில் குறைந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியதுதான். மருத்துவமனைகளில் இது இன்றும் வழக்கமான பரிசோதனையாகிவிடவில்லை.

இதை அவளிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். உலகின் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றுக்காக நீ வாரக்கணக்கில் காத்திருக்கிறாய் என்று சொல்வது ஆறுதலா, கொடுமையா? பாதியைச் சொன்னேன். அளவு மாறவில்லை என்பதற்கு மருந்து தோற்றுவிட்டது என்று பொருள் இல்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று இந்தப் படத்துக்குத் தெரியாது என்றேன். "டாக்டரும் அப்படித்தான் சொன்னார், ஆனா நீ சொன்னா கொஞ்சம் புரியுது" என்றாள். அகத்தியருக்கே மருந்து உபதேசித்தவர் என்று தலபுராணம் சொல்லும் ஈசனிடம் திங்கள்தோறும் போவதையும் அவள் நிறுத்தவில்லை. நானும் இரண்டு முறை கூடப் போனேன்.

நான்காவது சுற்றுக்குப் பிறகு எடுத்த படத்தையும் பழைய படத்தையும் பால்கனிக்கு எடுத்துவந்து, கடல்பக்கத்து வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் பிடித்துக் காட்டச் சொன்னாள். அறிக்கையில் முப்பத்தொரு மில்லிமீட்டர் இருபத்திரண்டு ஆகியிருந்தது. எது கட்டி என்று விரலால் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுவா? இவ்வளவுதானா?" என்று கேட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.