மஞ்சளும் அதன் வாகனமும்

காயத்துக்கு மஞ்சளை அரைத்துப் பூசுவதும் தொண்டை நோவுக்கு மஞ்சளிட்ட பாலைப் பருகுவதும் தமிழர் இல்லங்களில் நெடுங்காலம் நிலைத்துவந்த வழக்கங்கள். இவற்றைப் பாட்டி வைத்தியம் என எள்ளுவோரும் உளர். முன்னோர் அறியாதது யாதுமில்லை எனப் பெருமிதங் கொள்வோரும் உளர். இருசாராரும் கேட்க மறக்கும் வினா ஒன்றுண்டு: உட்கொண்ட மருந்து நோயுற்ற இடத்தைச் சென்றடைகின்றதா?

அழற்சி உடலின் காவற்படை போன்றது. கிருமி புகுந்த இடத்திற் செம்மையும் வெப்பமும் வீக்கமும் நோவும் தோன்றுவது அப்படையின் போரினாலேயாம். பகையின்றியும் அது தன்னுடலையே தாக்கும்போது முடக்குவாதம் போன்ற நோய்கள் விளைகின்றன. மஞ்சளுக்கு நிறந்தரும் குர்க்குமின் 1815 இல் பிரித்தெடுக்கப்பட்டது. கலத்தினுள் அழற்சியைத் தூண்டும் ‘என்.எப். கப்பா பி’ என்னும் புரதத்தை அது தடுப்பதாக 1995 இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆயின் அஃது ஆய்வுகூடக் கிண்ணத்திற் கண்டது. குர்க்குமின் நீரிற் கரைவது அரிது. குடலும் ஈரலும் அதனை விரைந்து மாற்றிக் கழித்துவிடுகின்றன. 1998 இல் பெங்களூர் ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, 2 கிராம் குர்க்குமின் உண்டவரின் குருதியில் அது மிக அருகியே காணப்பட்டது.

இக்குறையைத் தீர்க்கவே புரத நுண்துணிக்கைகள் நாடப்படுகின்றன. நீரை வெறுக்கும் மூலக்கூறு, புரதத்தின் மடிப்புகளுக்குள் உள்ள நீர்வெறுக்கும் இடுக்குகளில் ஒதுங்கிக்கொள்ளும். குருதியிலுள்ள அல்புமின் அத்தகைய புரதம். அழற்சியுற்ற இடத்திற் குருதிக்குழாய்ச் சுவர்கள் கசிவதால் அல்புமின் அங்கு மிகுதியாகச் சேரும். அதனுடன் மருந்தும் சேரும் என்பதே எதிர்பார்ப்பு. இது வெறுங் கனவன்று. யூ மரப் பட்டையிற் கண்டறியப்பட்ட பக்லிற்றாக்செல் என்னும் புற்றுநோய் மருந்தை ஏறத்தாழ 130 நனோமீற்றர் அளவான அல்புமின் துணிக்கைகளில் ஏற்றி வழங்க அமெரிக்கா 2005 இல் அனுமதித்தது. பாலிலுள்ள கேசீனும் இயற்கையாகவே நுண்துணிக்கைகளாகத் திரண்டு குர்க்குமினைப் பிணைக்கவல்லது. எனினும் இதைக்கொண்டு மஞ்சட்பாலின் பெருமை நிறுவப்பட்டதென முழங்குதல் தகாது. பிணைப்பு வேறு, பிணிதீர்த்தல் வேறு.

வாகனம் செம்மையாயினும் ஏறியமர்வது மருந்துதானா என்பதும் ஆராயப்படல் வேண்டும். குர்க்குமின் தன் நிறத்தாலும் நிலையின்மையாலும் ஆய்வுகூடச் சோதனைகளையே ஏமாற்றவல்லது என 2017 இல் மருந்திரசாயனவியலாளர் எச்சரித்தனர். 2019 இல் இத்தாலியில் மஞ்சட் குளிகைகளை உண்ட சிலருக்கு ஈரல் அழற்சி கண்டது. அழற்சியைத் தணிக்குமென நம்பி உண்டது அழற்சிக்கே காரணமாயிற்று. உறிஞ்சல் கூடுமாறு ஆக்கப்பட்ட குளிகைகளும் அவற்றுள் அடங்கின. சமையலில் இடும் சிறிதளவு மஞ்சள் உடலில் நில்லாது கழிவதே அதன் தீங்கின்மைக்கு ஒரு காரணமாகலாம். கழியாது நிற்கச்செய்தால் நன்மையோடு தீமையும் நிற்கக்கூடும்.

முடக்குவாதத்தால் விரல் மடக்கவியலாத ஒருவர், மஞ்சளை நம்பி வைத்தியர் தந்த மருந்தைக் கைவிடுவாராயின், இழப்பது அவரது மூட்டுக்களையே. மரபு கேட்கவேண்டிய வினாவைத் தந்தது; விடையைச் சோதனையே தரல் வேண்டும். மரபுக்குச் செய்யும் மரியாதையும் அச்சோதனையே.