நான்கு கட்டங்களும் ஒரு தும்மலும்



ஒரு பிள்ளை தும்மப் போகிறது என்பதை அதன் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். அதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமா?

சித்திரம் கற்கும் என் மகள் கடந்த விடுமுறையில் கணினியில் ஒரு பழைய சித்திரக்கதையைக் காட்டி, "வாப்பா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். அரபுக் கல்லூரியில் ஒரு வரிக்கு ஒரு பக்க விளக்கம் படித்து வளர்ந்தவன் நான். கார்ட்டூனில் படிக்க என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் மூக்குக்கண்ணாடியைப் போட்டேன்.

வின்சர் மக்கே என்ற அமெரிக்க ஓவியர் வரைந்தது அது. பெயர் 'லிட்டில் சம்மி ஸ்னீஸ்'. தும்மல்காரச் சிறுவன் சம்மியின் கதை. 1904 ஜூலை முதல் 1906 வரை 'நியூயோர்க் ஹெரல்ட்' பத்திரிகையில் வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். மொத்தம் ஆறு கட்டங்கள். முதல் நான்கில் சம்மியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, வாய் அகலத் திறக்கிறது. ஐந்தாவதில் தும்மல் வெடித்து, சுற்றியுள்ள அனைத்தும் சிதறுகின்றன. ஆறாவதில் பெரும்பாலும் பெரியவர்கள் அவனை விரட்டுகிறார்கள். காலால் உதைத்தும் விரட்டுகிறார்கள்.

முதலில் சிரித்தேன். மகள், "திரும்ப மெதுவாகப் பாருங்கள் வாப்பா" என்றாள். பார்த்தேன். அந்த நான்கு கட்டங்களிலும் இடம் மாறவில்லை. பெரியவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டு, ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவிலேயே பிள்ளை நிற்கிறான். அவனுக்கு என்ன நேரப்போகிறது என்பது வாசிக்கும் நமக்குத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அவனால் அதை அடக்க முடியாது, அது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது என்ற கருத்தைத் தலைப்பின் அருகிலேயே ஓவியர் எழுதியும் வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் உதை விழுவது அவனுக்குத்தான்!

சகோதரிகளே, அந்தப் பெரியவர்களுக்குள் நான் என்னையே கண்டேன்.

நான் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய காலம். ஸுபஹுக்குப் பின் மத்ரஸாவில் ஏழு வயதுப் பிள்ளையொன்று பாயில் நெளிந்துகொண்டிருந்தது. "நேராக உட்கார்" என்றேன். வயிற்றில் கை வைத்தான். "கையை எடு" என்றேன். ஏதோ சொல்ல வாய் திறந்தான். "பாடத்தைப் பார்" என்றேன். பிறகு பாய் முழுவதும் வாந்தி. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஏசி, அவனை வெளியே அனுப்பினேன். அவன் மறுநாள் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. இன்று முப்பதை நெருங்கியிருப்பான். நான் அன்று ஏசிய வார்த்தை அவனுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

தும்மியவர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றால், கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்' என்று அவருக்கு ரஹ்மத்தை வேண்ட வேண்டும் என அதே மத்ரஸாவில் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். தும்மலுக்குத் துஆ உண்டு என்று தெரிந்த எனக்கு, வாந்தி எடுத்த பிள்ளைக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கத் தெரியாமற் போயிற்று.

கடைசியாக மகள் காட்டியது 1905 செப்டம்பர் 24 அன்று வந்தது. அதில் பெரியவர்கள் யாருமே இல்லை. வெறும் கட்டத்துக்குள் சம்மி தனியாக இருக்கிறான். தும்மியதும் அவனைச் சுற்றியிருந்த கட்டத்தின் கோடுகளே உடைந்து அவன்மீது விழுகின்றன. ஓவியரின் திறமைக்காகப் பலரும் மெச்சும் படம் இது. நான் பார்த்ததோ பிள்ளையின் முகத்தை. ஏச ஆளில்லாத இடத்திலும் அவன் மகிழ்ச்சியாக இல்லை. தும்மல் அவனுக்கும் துன்பம்தான்.

உங்கள் வீட்டிலும் பால் கொட்டும், பீங்கான் உடையும், படுக்கை நனையும். ஏசுவதற்கு முன், அதற்கு முந்திய நான்கு கட்டங்களில் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். நினைவுக்கு வராவிட்டால், நாம் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

பிள்ளைகளின் முகம் பார்க்கும் கண்களை அல்லாஹ் நமக்குத் தருவானாக!