மொறிஸ் மைனரின் மாற்று இயந்திரம்: யாழ்ப்பாணக் கராஜ்களின் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கராஜ் ஒன்றில், உயிர்விட்ட இயந்திரத்தோடு வந்து நிற்கும் ஒரு மொறிஸ் மைனருக்கு மாற்று இயந்திரம் தேடும் வேலை, பெரும்பாலும் முன்மூடி திறக்கப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மூத்த தொழிலாளர் முதலில் வண்டியின் அடியில் படுத்துக் கியர்பெட்டியின் புறக்கூட்டைத் தடவிப் பார்க்கிறார். பின்னர் முன்சக்கரத்தின் பிரேக் ட்ரம் எத்தனை அங்குலம் என்பதை அளக்கிறார். புதிய இயந்திரம் எவ்வளவு வலுவைத் தரும் என்பதைக் காட்டிலும், அந்த வலுவை வண்டியின் ஏனைய உறுப்புகள் எவ்வளவு தாங்கும் என்பதே இத்தொழிலில் தலைக்கேள்வியாக இருக்கிறது.

இந்தக் கேள்வி எழக் காரணம் அந்தக் காரின் பிறப்பிலேயே உள்ளது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மைனருக்கு முதலில் எண்ணியிருந்தது கிடைநிலை நான்கு உருளை இயந்திரம், அதாவது உருளைகள் இருபுறமும் இரண்டிரண்டாகப் படுத்திருக்கும் அகன்ற வகை. அத்திட்டம் கைவிடப்பட்டு, முந்தைய மொறிஸ் எயிற் காரின் 918 சி.சி. பக்கவால்வு இயந்திரமே அதில் பொருத்தப்பட்டது. உற்பத்தி தொடங்கவிருந்த வேளையில் வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறதென்று கருதிய இசிகோனிஸ், அதை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகட்டச் செய்தார்; முன்மூடியின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த அகட்டலின் தழும்பு. இவ்விரண்டும் சேர்ந்ததால், அன்றைய சிறு கார்களில் அரிதான அளவுக்கு மைனரின் இயந்திர அறையில் இருபக்கமும் இடம் மிஞ்சியது. அரை நூற்றாண்டுக்குப் பின் எந்த இயந்திரத்தையும் இதற்குள் இறக்கிவிடலாம் என்ற ஆசையை உரிமையாளர்களுக்கு ஊட்டுவது இந்த மிச்ச இடந்தான். ஆனால் அகலத்தில் கிடைக்கும் தாராளம் நீளத்தில் கிடைப்பதில்லை என்பதைக் கராஜ்காரர்கள் அறிவார்கள்.

ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் ஒரே நிறுவனமாக இணைந்ததன் பின், ஒஸ்ரின் ஏ30 காரின் 803 சி.சி. இயந்திரம் மைனருக்கு வந்தது. சி.சி. என்பது பிஸ்ரன்கள் ஒருமுறை ஏறியிறங்கும்போது துடைத்துச் செல்லும் மொத்தக் கன அளவு. ‘ஏ வரிசை’ எனப்படும் அக்குடும்பமே 1956இல் 948 சி.சி. ஆகவும், 1962இல் 1098 சி.சி. ஆகவும் வளர்ந்து, 1971இல் மைனரின் உற்பத்தி நின்றபின்னும் மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை உயிர்வாழ்ந்தது.

குடாநாட்டு மைனர்களின் இயந்திரங்கள் பிற இடங்களில் இல்லாத ஒரு சோதனையைக் கடந்தவை. 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் இங்கே மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபறேற்றரில், அதாவது எரிபொருளைக் காற்றோடு கலக்கும் உறுப்பில், விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே வழக்கம். உருளைக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் அழுத்த விகிதம் 803 சி.சி. இயந்திரத்தில் 7.2க்கு 1 என்ற தாழ்ந்த அளவிலேயே இருந்ததால், எளிதில் தட்டல் எடுக்கும் மட்டமான எரிபொருளையும் அது ஒருவாறு பொறுத்துக்கொண்டது. உயர் அழுத்தத்துக்கென அமைந்த புதிய கார்கள் முடங்கிக் கிடந்தபோது பழையவை ஓடியதன் இரகசியம் அதுவே. ஆயினும் அதற்கு விலை இருந்தது. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி அடித்தொட்டிக்குள் இறங்கி, அங்குள்ள எண்ணெயை நீர்க்கச் செய்து, சுழல்தண்டின் தாங்கிகளைத் தேய்க்கும் இயல்புடையது. மாற்று இயந்திரம் என்ற பேச்சு இங்கே பொழுதுபோக்காக அன்றித் தேவையாக வேரூன்றியதில் அந்த ஆண்டுகளுக்குப் பங்குண்டு.

இயந்திரம் மெய்யாகவே மாற்றப்பட வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பதில் நல்ல கராஜ் ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவிடுகிறது. தகரக் கூரையின் கீழ், பனந்தீராந்தியில் தொங்கும் சங்கிலிக் கப்பி அசையாமலிருக்க, நான்கு பிளக்குகளும் கழற்றப்பட்டு ஒவ்வோர் உருளையின் அழுத்தமும் அளக்கப்படுகிறது. குறைந்த அழுத்தம் காட்டும் உருளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது முள் மேலேறினால், எண்ணெய் தற்காலிகமாக அடைத்த இடைவெளி வளையத்தினது என்றும், முள் ஏறாவிட்டால் காற்றுக் கசிவது வால்வு வழியாக என்றும் பொருள். பின்னர் இயந்திரத்தை ஓடவிட்டு, நீண்ட திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றிப் பிடியைக் காதோடு சேர்த்து வைத்து, ஆழத்திலிருந்து வரும் கனத்த இடி சுழல்தண்டினதா, அல்லது மேலே கேட்கும் மெல்லிய தட்டு வால்வினதா என்று மூத்தவர் பிரித்தறிகிறார். இளையவர் ஒருவர் அதே திருப்புளியை வாங்கிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவதும், “அண்ணை” என்று அழைத்தபடி அதை மறுபடி நீட்டுவதும், இத்தொழில் கைமாறும் முறையின் ஒரு பகுதி.

இச்சோதனையின் பின் மாற்றுப் பேச்சே அடங்கிவிடும் சந்தர்ப்பங்கள் குறைவல்ல. ஈயம் நீக்கப்பட்ட பெற்றோல் வந்தபின் பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் வெளியேற்று வால்வின் இருக்கை மெல்ல உட்குழிந்து அழுத்தம் குன்றுவதுண்டு. கடினமான இருக்கை வளையங்களைப் பதித்தால் தீர்ந்துவிடக்கூடிய அந்நோயை இயந்திரத்தின் மரணமென்று எண்ணி வரும் உரிமையாளர்கள் உண்டு. உருளைகள் தேய்ந்திருந்தால் அவற்றைக் கடைந்து அகட்டிப் பெரிய பிஸ்ரன் போடலாம். இந்த அகட்டலை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கான ‘தவ்’ என்ற அலகில் லேத் பட்டறைகள் சொல்கின்றன. இருபது, நாற்பது, அறுபது என்று படி ஏறி அறுபதைத் தொட்ட உருளையை மேலும் கடைவதற்குச் சுவர் மிச்சமிராது. மாற்று இயந்திரம் என்ற சொல் அதற்குப் பிறகே பொருள்படத் தொடங்குகிறது.

அப்போது கைக்கு முதலில் எட்டுவது அதே குடும்பத்தின் பெரிய உறுப்பினர். 948க்குப் பதிலாக 1098 சி.சி. இயந்திரம் வைப்பது பெயர்த்து நடும் வேலையைப் போல எளிதாகத் தோன்றினாலும், 948இன் கிளச் தட்டு ஆறேகால் அங்குலம், 1098இனது ஏழேகால் அங்குலம் என்பதால், வலுவான புறவரிகளோடு வார்க்கப்பட்ட 1098இன் கியர்பெட்டியையும் சேர்த்தே எடுப்பது முறை. மைனரைச் செய்தவர்களே 1098ஐப் புகுத்தியபோது முன் பிரேக்கை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாக்கினார்கள்; பின் அச்சின் பல்விகிதத்தை, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற உந்துதண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கை, 4.55இலிருந்து 4.22ஆகக் குறைத்தார்கள். தொழிற்சாலை எடுத்த அதே மூன்று முடிவுகளையும் கராஜ் எடுக்க வேண்டும் என்பதே இங்குள்ள மூத்தவர்களின் பிடிவாதம். பிரேக்கை மறந்து இயந்திரத்தை மட்டும் மாற்றியவரின் வண்டி இவர்களிடம் நகைப்புக்குரிய பொருள், நியாயமான நகைப்பு.

அடுத்த படி 1275 சி.சி. மொறிஸ் மரீனா, எம்.ஜி. மிட்ஜெற் ஆகிய பின்சக்கர உந்துகை வண்டிகளில் வந்த 1275 மைனருக்குப் பொருந்துவது, ஏறத்தாழ 60 குதிரைவலு தருவது, விலையுயர்ந்தது. மினியிலிருந்து கிடைக்கும் 1275ஐ மலிவாகக் கண்டு வாங்கியவர்கள்தான் மிகுந்த ஏமாற்றத்துக்கு ஆளாகிறார்கள். மினியில் இயந்திரம் குறுக்காகக் கிடக்கிறது, கியர்பெட்டியோ அதன் அடித்தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. சுழல்தண்டின் வால்முனையும் கூம்பு வடிவானது. மைனருக்கு வேண்டியது தட்டையான விளிம்பும், கியர்பெட்டியின் முன்தண்டு வந்து அமரும் நடுக்குழியும் உள்ள வால். ஒரே வார்ப்பு, ஒரே பெயர், ஒரே சி.சி. என்றிருந்தும் வால் வேறென்பதால் சுழல்தண்டு, சமனுருளை, பின்தகடு, அடித்தொட்டி ஆகிய அனைத்தும் மாற, மலிவு என்பது கானலாகிவிடுகிறது.

ஜப்பானிய இயந்திரங்களை நாடுவோரின் வாதம் வேறு வகையானது. ரொயோட்டா கொறொல்லாவின் 4கே இயந்திரம் 1290 சி.சி.; 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையில் பிஸ்ரன் 73 மில்லிமீற்றரே பயணிக்கிறது. மைனரின் 1098இல் 64.6 மில்லிமீற்றர் உருளைக்குள் 83.7 மில்லிமீற்றர் ஓட்டம். குறுகிய ஓட்டமும், மூன்றுக்குப் பதிலாக ஐந்து முதன்மைத் தாங்கிகளும் கொண்ட 4கே, வேகமாகச் சுழலும்போது நடுங்குவதில்லை. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட வேண்டியவருக்கு ஐந்து கியர்களோடு அது பெரும் ஆறுதல். ஆனால் மைனரின் ஸ்ரியரிங் பற்சட்டம் இயந்திரத்துக்குப் பின்னால் தடுப்புச்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. நீண்ட கியர்பெட்டியோ இருக்கைகளின் கீழுள்ள குறுக்குச்சட்டத்தை வெட்டச் சொல்கிறது. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள், சுருள்வில்லுக்குப் பதிலாக முறுகி நிமிர்ந்து அதிர்ச்சியை வாங்கும் அந்நீண்ட எஃகுத் தண்டுகள், ஊன்றியிருப்பதும் அதே சட்டத்தில்தான். அதை வெட்டி வலுவூட்டாமல் விடுபவர், இயந்திரத்துக்காக வண்டியின் இடுப்பை முறிக்கிறார். குடாநாடு தட்டையான நிலம்; நுவரெலியா ஏற்றங்களில் பயன்படக்கூடிய வலு இங்கே பெரும்பாலும் வீண். ஆகையால் வலுவைவிட வெயில் தாங்கும் குளிர்விப்பையும், பக்கத்துப் பட்டறையில் கடைந்து எடுக்கக்கூடிய உதிரிகளையும் முதன்மையாகக் கொள்ளும் உள்ளூர்த் தொழிலாளரின் சாய்வு 1098 பக்கமே இருப்பது வியப்பில்லை, அதுவே சரியுங்கூட.

இயந்திர இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதால், எந்த மாற்றமாயினும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாக வேண்டும். வண்டியை விற்கும் நாளிலேயே பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

மாற்று இயந்திரம் இறங்கிய பிறகு முதல் உயிர்ப்புக்கு முன் பிளக்குகள் இல்லாமலேயே சுழற்றி, எண்ணெய் அழுத்தம் எழுந்ததா என்று பார்க்கிறார்கள். கழற்றப்பட்ட பழைய இயந்திரம் பழைய இரும்பு வாங்குபவருக்கு உடனே போவதில்லை. பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றி, துணித் திரியால் அடைத்து, சாக்கில் சுற்றிச் சுவரோரம் வைக்கிறார்கள். அதன்மேல் வெண்கட்டியால் எழுதப்பட்டிருப்பது, அது வெளிவந்த காரின் இலக்கம்.