விக்கிரவாண்டியில் நின்ற பிக்கப்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு 40 கிலோமீட்டருக்குள்தான் தூரம். நல்ல நான்குவழிச் சாலை. காரில் போகிறவர்களுக்கு இது ஒரு பயணமே இல்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் சுமையோடு போகும் வண்டிக்காரர்களுக்கு இதே சாலை வேறு முகம் காட்டும். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்று நின்றுதான் நகர முடியும். மேலே வெயில், கீழே தாரின் அனல். வண்டியின் சூடு முள் மேலே ஏறுவது இங்கேதான்.

வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊர்ந்து போகும்போது அந்தக் காற்று இல்லை. விசிறி இழுக்கும் காற்று மட்டும்தான். சுமையும் இருந்து, பின்னால் ஒன்றை இழுக்கவும் வேண்டுமென்றால், இன்ஜின் கக்கும் சூடு அதிகம். அதை வெளியேற்றும் வழியோ குறைவு.

அப்படி ஒரு மதியம், விக்கிரவாண்டி அருகே ஓரங்கட்டி நிற்கிறது ஒரு பிக்கப். மேலே மல்லாட்டைப் பயிறு மூட்டைகள். பின்னால் இரண்டு சக்கரத்தில் மல்லாட்டை உடைக்கும் மெஷின். மெஷினைக் கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு களத்தில் விட்டுவிட்டு, மூட்டைகளைத் திண்டிவனம் கமிட்டியில் இறக்க வேண்டும். வண்டிக்கடன் தவணை அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது.

பானெட்டைத் திறந்த விவசாயி, துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போகிறார். பின்னால் வந்த டிராக்டர் ஓட்டுநர் சத்தம் போடுகிறார்.

"அண்ணே, மூடியைத் தொடாதீங்க! மூஞ்சியில அடிச்சிடும்!"

அவர் சொன்னது சரி. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், உள்ளே 115 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியுமாகச் சீறும். வண்டியை அணைத்துவிட்டு, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். அந்தச் செலவில் பல ரேடியேட்டர் வாங்கலாம்.

மூட்டைகள் இன்னொரு வண்டிக்கு மாறுகின்றன. விவசாயியின் மனைவி அதில் ஏறிக் கமிட்டிக்குப் போகிறார். பிக்கப் கயிறு கட்டி விழுப்புரத்துக்குத் திரும்புகிறது.

பட்டறையில் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டுகிறார். குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிவு. வெளியே தகடுகளின் இடுக்கில் மல்லாட்டைத் தோலும் தூசியும்.

"என்ன தண்ணிண்ணே ஊத்துறீங்க?"

"வீட்டு போர் தண்ணிதான் தம்பி."

உப்புத் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் படிகிற அதே படிவுதான் இங்கும். படிவு சூட்டைக் கடத்தாது. தண்ணீர் நிறைந்திருந்தும் வண்டி சூடாவது இதனால்தான்.

இனி மாற்று ரேடியேட்டர். கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செம்பு, பித்தளையில் செய்தது. கனம் அதிகம், விலையும் அதிகம். ஒழுகினால் உள்ளூர்ப் பட்டறையிலேயே ஈயம் பற்றவைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டது. இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். செம்பு, அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அலுமினியத்தில் குழாய்களை அகலமாக அமைப்பதால், நல்ல தயாரிப்பில் குளிர்ச்சி குறைவதில்லை. பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள முடியாது என்பதுதான் குறை.

"இழுவைக்கு ஓட்டுறேன், இருக்கிறதிலேயே தடியான கோரா குடு" என்கிறார் விவசாயி. பலரும் செய்யும் தவறு இது. தடித்த கோர் வழியாகக் காற்றை இழுக்க விசிறிக்கு வலு வேண்டும். தகடுகள் நெருக்கமாக இருந்தால் தூசியும் சீக்கிரம் அடைக்கும். முதலில் வண்டிக் கம்பெனி சொன்ன அதே முகப்பு அளவு, குழாய் வரிசை, ஹோஸ் வாய் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசிறிக்கும் கோருக்கும் இடையே இடம் இருந்தால் மட்டுமே ஒரு வரிசை கூடுதலாக யோசிக்கலாம். விசிறியைச் சுற்றியுள்ள கூடு உடைந்திருந்தால், எந்த ரேடியேட்டர் போட்டாலும் பலன் பாதிதான்.

கடைசியில் பழைய அளவிலேயே அலுமினிய ரேடியேட்டர் முடிவாகிறது. கூடவே புது மூடி, ஆனால் பழைய மூடியில் அச்சிட்டிருந்த அதே அழுத்த எண். ஊறிப்போன ஹோஸ் இரண்டும் மாறுகின்றன. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாமல், வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்கிறார் மெக்கானிக். இன்ஜினுக்குள் இருந்த துருவையும் அலசி வெளியேற்றிய பிறகே புதியது ஏறுகிறது. இல்லையென்றால் பழைய அழுக்கு புதுக் குழாயை அடைத்துவிடும். கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாதி. மூடியைத் திறந்துவைத்தே குளிர்ந்த இன்ஜினை ஓடவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் குமிழிகள் நின்றுவிடுகின்றன. நிற்காமல் வந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று அர்த்தம்.

அதற்குள் திண்டிவனத்திலிருந்து மனைவியின் போன். மூட்டை இறக்கியாகிவிட்டது. திண்டிவனம் என்றால் மல்லாட்டைக்குப் பெயர்போன ஊர். டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களின் அந்த மூன்று எழுத்தே, இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தால் வந்த திண்டிவனத்தின் சுருக்கம்தான். விதையை ரகம் பார்த்து, முளைப்பு பார்த்து வாங்கும் குடும்பம், வண்டிக்குள் ஊற்றும் தண்ணீரை இத்தனை நாள் பார்க்கவில்லை.

மறுநாள் விடியலில் மெஷினோடு கிளம்புகிறது பிக்கப். சுங்கச்சாவடியில் மறுபடி நீண்ட வரிசை. விவசாயியின் கண் சாலையைவிட முள்மீதுதான் இருக்கிறது. அது நடுவிலேயே நிற்கிறது. இருக்கைக்குப் பின்னால், கூலன்ட் கலவை நிரப்பிய ஐந்து லிட்டர் கேன் ஒன்று. களத்து வேலை முடிந்ததும் கோரில் ஒட்டிய தூசியை இன்ஜின் பக்கமிருந்து மெல்ல ஊதிவிட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

கூட்டேரிப்பட்டில் களத்துக்காரர் காத்திருக்கிறார்.