காலடி மண்ணைப் பார்த்து உடுத்துங்கள்

நமக்கு இசைக்காலம் மார்கழி. வெயில் தணிந்து, பட்டுப்புடவை உடம்பை உறுத்தாத மாதம் அது. இங்கிலாந்துக்காரர்களுக்கு இசைக்காலம் கோடை. மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை பண்ணை வயலிலும் மாளிகைத் தோட்டத்திலும் லண்டனின் வட்ட அரங்கிலும் இசை கேட்கத் திரள்கிறார்கள். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறது. நீண்ட குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு அந்த வெளிச்சத்தை வீணாக்க மனம் வருவதில்லை.

லண்டனில் வேலை பார்க்கும் அக்கா மகளிடம், கோடையில் வருகிறேன், விழாக்களுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். "பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி எந்த விழான்னு முடிவு பண்ணுங்க சித்தி. நாள் முழுக்க நடப்பீங்களா? நின்னுக்கிட்டே கேப்பீங்களா? ராத்திரி கூடாரத்துல படுப்பீங்களா?" என்று அடுக்கினாள். யார் பாடுகிறார் என்பதை மட்டும் பார்த்துக் கச்சேரிக்குப் போய்ப் பழகியவள் நான். ஆனால் விழாவைத் தேர்ந்தெடுப்பதும் உடையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலைதான் என்பதை அந்தக் கோடை எனக்குக் காட்டியது.

முதலில் கிளாஸ்டன்பரி. பாடிங்டனில் ரயில் ஏறி காஸில் கேரியில் இறங்கினால், விழாத் திடலுக்கு இலவசப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. சாமர்செட் மாவட்டத்தில் பில்டன் என்ற ஊரில் உள்ள வொர்தி ஃபார்ம் என்ற பால் பண்ணைதான் திடல். பண்ணை உரிமையாளர் மைக்கேல் ஈவிஸ் 1970 செப்டம்பர் 19 அன்று முதல் விழாவை நடத்தினார். நுழைவுக் கட்டணம் 1 பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். இன்று ஜூன் கடைசி வாரத்தில் புதன் முதல் ஞாயிறு வரை இரண்டு லட்சம் பேர் அங்கே கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். மேடைகள் நூற்றுக்கு மேல். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசமும் இங்கே பாடியவர்தான்.

இத்தனை பேர் நடமாடினாலும் அது மாடு மேயும் நிலம் என்பதை மறக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல் தழைக்கட்டும் என்று விழாவையே நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். 2018 அப்படிப்பட்ட ஆண்டு, 2026-உம் அப்படியே. மழை பெய்தால் அந்த மண் குழைந்து காலைப் பிடித்துக்கொள்ளும். 1997, 2005, 2016 ஆண்டுகளின் சேற்றை விழாவுக்குப் பழகியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 2005-இல் பெருமழையில் கூடாரங்களே மூழ்கின.

எனவே அங்கே முதல் உடை முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். அதற்குள் பூட்ஸின் விளிம்பைவிட உயரமான சாக்ஸ் போட வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் விளிம்பு கெண்டைக்காலை உரசியே புண்ணாக்கிவிடும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், கூடாரத்தில் ஓர் இரவில் காயாது. நம் பெண்களுக்கு லெக்கிங்ஸும் முழங்காலுக்கு மேலே நிற்கும் குட்டைக் குர்த்தியும் நல்ல இணை. சல்வாரின் அகலமான கால் பூட்ஸுக்குள் அடங்காது, துப்பட்டா சேற்றில் புரளும். பகலில் தோல் கருகும் வெயில் அடிக்கும் அதே நாளில், விடியற்காலை பத்து டிகிரிக்குக் கீழே போகும். அதனால் கனமான ஒரே கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய உடைகள்தான் உதவும். மெல்லிய பருத்தி, அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் தலைமூடி வைத்த மழைக்கோட்டு.

குடையைத் தவிர்த்துவிடுங்கள். விரித்த குடை பின்னால் நிற்பவரின் கண்ணை மறைக்கும். காசு கொடுத்து, வரிசையில் காத்து வந்தவரிடமிருந்து மேடையைப் பறிப்பது நியாயமில்லை. காதுக்கு அடைப்பான் கட்டாயம் வேண்டும், குழந்தைகளுக்குக் காதை முழுக்க மூடும் கவசம். இன்னொன்று, ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, தூங்குவதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை என்ன நடந்தாலும் கூடாரத்துக்கு வெளியே எடுக்கக் கூடாது. அக்கா மகள் சொன்ன இந்த ஒரு யோசனைக்காகவே ஒவ்வோர் இரவும் அவளை வாழ்த்தினேன்.

பிரமிட் எனப்படும் முதன்மை மேடையின் முன்னே சரிவான புல்வெளியில் நாங்கள் நின்றிருந்தபோது மழை பிடித்தது. ஒருவரும் நகரவில்லை. ஆயிரக்கணக்கானோர் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு பாட்டோடு சேர்ந்து பாடினார்கள். என் கால் உலர்ந்திருந்தது, உடம்பு குளிரவில்லை, அதனால் நானும் கடைசிப் பாட்டுவரை நின்று கேட்டேன். நல்ல உடை செய்ய வேண்டியது அவ்வளவுதான். தன்னை மறக்க வைத்து, காதை இசைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கிளைண்ட்போர்ன். லண்டன் விக்டோரியா நிலையத்தில், கோடைப் பிற்பகல் வெயிலில் கறுப்புக் கோட்டும் வில் டையும் நீண்ட கவுனுமாகக் கையில் உணவுக் கூடையோடு ஆட்கள் நின்றால், அவர்கள் அங்கே போகிறவர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சசெக்ஸில் லூயிஸ் நகருக்கு அருகே தன் வீட்டுத் தோட்டத்தில் ஜான் கிறிஸ்டி 1934-இல் 300 இருக்கைகளோடு ஓர் ஓபரா அரங்கம் கட்டினார். அவர் மனைவி ஆட்ரி மில்ட்மே ஓபரா பாடகி. மோட்சார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' என்ற ஓபராவோடு தொடங்கிய விழா இன்றும் மே முதல் ஆகஸ்ட் வரை நடக்கிறது. இப்போதுள்ள 1,200 இருக்கை அரங்கம் 1994-இல் திறக்கப்பட்டது.

மாலைச் சீருடை கட்டாயமில்லை, மரபாக நீடிக்கிறது. கலைஞர்கள் இவ்வளவு உழைத்து நமக்காகத் தயாராகும்போது நாமும் தயாராகி வருவதுதான் மரியாதை என்பது கிறிஸ்டியின் எண்ணம். இந்த எண்ணம் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. கச்சேரிக்குப் போக அம்மா பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுப்பதும் இதே மரியாதையால்தான்.

கிளைண்ட்போர்னுக்கு நான் உடுத்தியது அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. பட்டுப்புடவைக்கு அங்கே இயல்பான இடம் இருக்கிறது, தயங்கவே வேண்டாம். ஆனால் காட்சிக்கு நடுவே ஒன்றரை மணி நேர இடைவேளை, எல்லோரும் புல்வெளியில் விரிப்புப் போட்டுச் சாப்பிடுவார்கள். பக்கத்து வயலில் ஆடுகள் மேயும். ஆகவே புடவையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி கட்டி, மடிப்புகளைப் பின் குத்திக்கொள்ளுங்கள். கரை புல் ஈரத்தில் தோயாது. கூரான ஹீல்ஸ் புல்தரையில் புதையும், தட்டையான செருப்பே நல்லது. குன்றிலிருந்து மாலைக் காற்று இறங்கும், கம்பளிச் சால்வை இல்லாமல் போகாதீர்கள். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பட்டின் மேல் சிந்தாத, ஆறினாலும் ருசிக்கிற சாப்பாடு அது.

கிளைண்ட்போர்னின் மேலாளராக இருந்த ருடால்ஃப் பிங்தான் 1947-இல் எடின்பரோ சர்வதேச விழாவைத் தொடங்கி வைத்தவர். அந்த விழாவில் 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார், பாலசரஸ்வதி ஆடினார். பட்டுப்புடவை பிரிட்டனின் கோடை விழாக்களுக்குப் புதிதல்ல என்று சொல்ல இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது, லண்டன் ப்ராம்ஸ். 1895-இல் ராபர்ட் நியூமன் என்பவர், இசை தெரியாத சாதாரண மக்களையும் படிப்படியாக மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குப் பழக்க வேண்டும் என்று ஹென்றி வுட் என்ற இளம் இசை நடத்துநரை வைத்துத் தொடங்கினார். அதற்காகவே நின்று கேட்கும் மலிவான சீட்டுகளை வைத்தார். 1927-இல் பிபிசி பொறுப்பேற்றது. அதுவரை விழா நடந்துவந்த குவீன்ஸ் ஹால் 1941-இல் குண்டுவீச்சில் அழிந்தபின் விழா ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்தது. ஜூலை நடுவிலிருந்து எட்டு வாரம், ஏறக்குறைய தினமும் கச்சேரி. நிற்கும் சீட்டு இன்றும் உண்டு. அண்மை ஆண்டுகளில் அதன் விலை 8 பவுண்டு, அன்றன்று விற்பனைக்கு வருகிறது. அதிக விலை கொடுத்தவர் மாடத்தில் உட்கார்ந்திருக்க, நின்று கேட்பவருக்குத்தான் மேடைக்கு மிக அருகில் இடம்.

அங்கே எந்த உடை விதியும் இல்லை. கூட்டத்தால் உள்ளே புழுக்கமாக இருக்கும், பருத்திச் சுடிதார் போதும். கவனம் எல்லாம் காலணியில் இருக்கட்டும். கடினமான தரையில் இரண்டு மணி நேரம் நிற்க, மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். இடைவேளையில் பலரும் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். சப்பணம் போட்டு உட்கார்ந்து கச்சேரி கேட்டு வளர்ந்த நமக்கு அதில் சிரமமே இல்லை.

முதல்முறை கோடையில் இங்கிலாந்து போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ப்ராம்ஸில் தொடங்குங்கள். செலவு குறைவு, முன்பதிவுப் பதற்றம் இல்லை, உலகின் சிறந்த இசைக்குழுக்கள் கைக்கெட்டும் தூரத்தில் வாசிக்கும். வீட்டில் நல்ல பட்டு இருந்து, ஓபரா கேட்க ஆசையும் இருந்தால் கிளைண்ட்போர்ன் போங்கள். நடக்கத் தெம்பும் மழைக்கு மனமும் இருந்தால் மட்டும் கிளாஸ்டன்பரி. புகைப்படத்தில் எப்படித் தெரிவோம் என்று யோசித்து உடை எடுக்காதீர்கள். எந்தத் தரையில், எத்தனை மணி நேரம், எப்படிக் கேட்கப் போகிறீர்கள் என்று யோசித்து எடுங்கள். கடைசிப் பாட்டுவரை இருந்து கேட்பவருக்குத்தான் விழா முழுதாகக் கிடைக்கிறது.