மின்சார ஊரில் விறகு!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'சிட்டிசன்' படத்தில் காணாமல் போகிறதே, அது அத்திப்பட்டி. நான் போனது அத்திப்பட்டு. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி, எண்ணூர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுப் பாலம் கடந்தால் முதலில் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். 1994-லிருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற இடம்!

அப்பேர்ப்பட்ட ஊரில், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு மாமா வீட்டில் நாலு நாளாகக் கரண்ட் இல்லை. கேஸும் தீர்ந்துவிட்டது. வீட்டிலோ பிள்ளை பெற்ற மாமா மகள். குழந்தை பிறந்து பதினோரு நாள். வெந்நீர் வேண்டும், கஞ்சி வேண்டும். கொல்லையில் இருந்ததெல்லாம் மழையில் ஊறிய பழைய வேலிக்காத்தான் கட்டைகள். அடுப்பில் வைத்தால் புகைதான் வந்தது. குழந்தை வீறிட்டது.

"மாப்ளே, ஆபீஸ்ல மவுஸ்தானே புடிக்கிறே? இதையும் கொஞ்சம் புடி" என்று கோடாலியை நீட்டினார் மாமா.

பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையின் நட்ட நடுவில் ஓங்கி ஒரு போடு. கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடாலிதான் மாட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார். "தம்பி, மரத்து மேல கோவத்தைக் காட்டாதே. எங்கே பிளக்கணும்னு அதுவே சொல்லும்."

கட்டையை நிமிர்த்தி, வெட்டுமுகத்தைக் காட்டினார். காய்ந்த மரத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய வெடிப்பு ஓடும். கோடாலி அந்தக் கோட்டில் விழணும். பெரிய கட்டை என்றால் நடுவில் கை வைக்காமல் ஓரத்திலிருந்து பத்தை பத்தையாகக் கழற்றணும். கணு இருக்கிற பக்கம் போகவே கூடாது. அங்கே நார் முறுக்கிக் கிடக்கும். அடியில் ஒரு தடித்த கட்டை வேணும். வெறும் தரையில் வைத்தால் பாதி அடியை மண் வாங்கிக்கொள்ளும். கோடாலி இறங்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கணும். அதுக்கும் மசியாத கட்டைக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும்.

"பிளவுல மட்டும் கையை விட்டுடாதே. ஆப்பசைச்ச குரங்கு கதை தெரியுமில்ல?"

ஐந்தாவது அடியில் 'டப்'பென்று பிளந்தது. வெளியே சொதசொதவென்று இருந்த கட்டை, உள்ளே எலும்பாகக் காய்ந்திருந்தது! மழை நனைத்ததெல்லாம் மேல்தோலைத்தான். உள்மரத்தை விரல் கனத்துக்குச் சீவி வைத்ததும் அடுப்பு குப்பென்று பிடித்துக்கொண்டது.

"எங்கப்பா பக்கிங்காம் கால்வாய்ல விறகுப் படகு தள்ளினவரு" என்றார் பெரியவர். ஸ்ரீஹரிகோட்டா விறகு அந்த வழியாகத்தான் சென்னை அடுப்புகளுக்குப் போனது. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் போகிறது!

அன்று ராத்திரி குழந்தை குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் ஆபீஸ். இரண்டு கையிலும் கொப்புளம். மேஜையில் மலையாக ஃபைல். நடுவில் கை வைப்பேனா? ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன்!